டிகிரி இந்தப் பக்கம், சொத்து அந்தப் பக்கம்

பொள்ளாச்சி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தமிழ்நாடு–கேரள மாநில எல்லையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. தேங்காய் இங்கே வெட்டினால் அங்கே உரிக்கிறார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கிறது. இரண்டு பக்கமும் பேசுவது பெரும்பாலும் தமிழ்தான். ஆனால் பாக்கி வரவில்லை என்று சிவில் கோர்ட்டுக்குப் போகும் நாளில் அந்த எல்லை மதில்போல எழுந்து நிற்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்காரனான எனக்கு, தேங்காய் விற்ற வகையில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் இருக்கும் ஒரு வியாபாரியிடமிருந்து வரவேண்டியது அசல் 2,20,000 ரூபாய். அதை வாங்க நான்கு வருடத்துக்கு மேல் ஆனது. எழுபத்தையாயிரம் ரூபாய்க்கு மேல் கையிலிருந்து போனது. கோபம், ஊரார் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத அவமானம், தூக்கம் கெட்ட இரவுகள் இவற்றுக்கெல்லாம் கணக்கில்லை. பாலக்காட்டு எல்லையில் கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்களுக்கு இந்த விவரங்கள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக, வழக்கு நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் புரோநோட்டு. கணக்குப் பார்த்து முடித்ததும் அவர் எழுதிக் கொடுத்த நோட்டுதான் வழக்கு முழுவதையும் தாங்கியது. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்து பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலும் விழுகிற மாதிரி குறுக்கே போட்டிருக்க வேண்டும். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டைப் பிறகு அபராதம் கட்டிச் சரிசெய்ய முடியாது. வேறு பத்திரங்களுக்கு அந்த வழி உண்டு, புரோநோட்டுக்குக் கிடையாது. "தாங்கள் வேண்டும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது" என்று பழைய வாசகத்தில் எழுதுகிறார்களே, அதை யாரும் வெட்டக் கூடாது. அந்த வரி இல்லாமல் சாட்சிக் கையெழுத்தும் இருந்தால், அது புரோநோட்டு அல்ல, கடன் பத்திரம். போதிய முத்திரை இல்லை என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். தலைப்பில் எழுதும் ஊர்ப்பெயரும் தேதியும் வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் அதிகம். எந்த ஊரில் எழுதப்பட்டது என்பதுதான் பிற்பாடு எந்தக் கோர்ட் என்பதைத் தீர்மானிக்க உதவுகிறது.

காலக்கெடு 1963-ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டப்படி மூன்று வருடம். கேட்டபோது தருவதாக எழுதிய நோட்டுக்கு, நாம் என்றைக்குக் கேட்டோம் என்பது கணக்கில்லை; நோட்டின் தேதியிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். இடையில் பத்தாயிரமோ இருபதாயிரமோ கொடுத்தால் நோட்டின் பின்பக்கம் வரவு எழுதி, கொடுத்தவரின் கையெழுத்தை வாங்க வேண்டும். மூன்று வருடம் முடிவதற்குள் அந்தப் பணம் வந்திருந்தால், வந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம். முடிந்தபின் வந்த பணத்துக்கு எழுதும் வரவு காலக்கெடுவை நீட்டாது. நாமே வரவு எழுதி நாமே கையெழுத்துப் போடுவதால் எந்தப் பயனும் இல்லை. கடைசி நாள் கோர்ட் விடுமுறையில் வந்தால் திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்யலாம். அதைத் தாண்டிய தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் வழி அப்பீலுக்கும் மனுக்களுக்கும்தான் உண்டு. வழக்கைத் தொடங்கக் கொடுக்கும் மனுவான பிராதுக்கு இல்லை.

வக்கீல் நோட்டீஸ் ஒப்புகை அட்டையோடு போனது. பதில் வரவில்லை. இங்கே ஒரு வழியைச் சொல்லியாக வேண்டும்: வழக்குப் போடுவதற்கு முன்பே தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். கோர்ட் கட்டணம் இல்லை. லோக் அதாலத்தில் முடிந்தால் அந்தத் தீர்வு கோர்ட் டிகிரிக்கு, அதாவது வழக்கின் முடிவாகக் கோர்ட் தரும் தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீலும் கிடையாது. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீலும் கிடைக்கும். இன்னொரு எச்சரிக்கை. சரக்கு விற்ற வகையில் கோரும் தொகை மூன்று லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் அது வணிகத் தகராறு ஆகிவிடும். வழக்கு வணிக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அவசர உத்தரவு எதுவும் கேட்காத வழக்கானால் முதலில் சமரசத்துக்கு விண்ணப்பித்தே தீர வேண்டும். அதைத் தாண்டிக் குதித்துப் போட்ட பிராது நிராகரிக்கப்படும். என் தொகை அந்த வரம்புக்குள் வராததால் சாதாரண முன்சீப் கோர்ட்டே போதுமானதாக இருந்தது.

இப்போது, இதையெல்லாம் எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். எந்தக் கோர்ட்டில் போடுவது? நிலத் தகராறு என்றால் நிலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான். சிவில் நடைமுறைச் சட்டம் 16-ஆம் பிரிவு அதில் பொதுவாக வேறு தேர்வுக்கு இடம் வைக்கவில்லை. கோவைக்காரர் இருவர் கொழிஞ்சாம்பாறைத் தோட்டத்துக்காகச் சண்டை போட்டாலும் சித்தூர் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பண வழக்குக்கு 20-ஆம் பிரிவு இரண்டு வாசல் திறக்கிறது: பிரதிவாதி குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், அல்லது வழக்குமூலம் (வழக்குக்குக் காரணமான நிகழ்வு) முழுவதுமோ ஒரு பகுதியோ எழுந்த இடம். சரக்கு எங்கள் தோப்பில் ஏற்றப்பட்டது, நோட்டும் இங்கேதான் எழுதப்பட்டது. எனவே இங்கேயும் போடலாம், அங்கேயும் போடலாம்.

இங்கே போட்டால் வரும் சௌகரியம் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 2017-இல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்று சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அசலும், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் இரண்டு வருட வட்டி 52,800-ம் சேர்த்து 2,72,800 ரூபாய்க்கு நான் கட்டியது 8,184 ரூபாய். கேரளத்தில் விகிதம் கூடுதல். ஆனால் அங்கே தாக்கல் செய்யும்போது பத்தில் ஒரு பங்கு கட்டினால் போதும். மீதியை எழுவினாக்கள் (வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்) வகுத்த 15 நாளுக்குள் கட்ட வேண்டும். இங்கே தமிழில் சாட்சி சொல்லலாம், தெரிந்த வக்கீல், பக்கத்து ஊர். கேட்பவர்கள் எல்லாரும் "நம்ம கோர்ட்லயே போடுங்க" என்றுதான் சொன்னார்கள். யாரும் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை: ஜெயித்தபின் எதை ஜப்தி செய்வீர்கள், அது எங்கே இருக்கிறது? டிகிரி கொடுத்த கோர்ட் தன் எல்லைக்கு வெளியே இருக்கும் ஆளின் மீதோ சொத்தின் மீதோ அந்த டிகிரியை நிறைவேற்ற முடியாது என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. அவருடைய தோப்பு, வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் அந்தப் பக்கம். வழக்கு முடிந்த நாளில் உண்மையில் இரண்டாவது வழக்கு ஆரம்பமாகிறது. கடன்பட்டவரின் சொத்து ஒன்றுகூட இந்தப் பக்கம் இல்லையென்றால், கூடுதல் கட்டணம் கட்டியாவது அந்தப் பக்கத்துக் கோர்ட்டில் போடுவதுதான் காலத்தில் லாபம் என்பது என் தீர்மானமான கருத்து. இந்தப் பக்கமும் ஏதாவது சொத்து இருந்தால் மட்டும் இங்கே போடுங்கள்.

பிராதுக்குள் இருக்க வேண்டியவை சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 7-இல் வரிசையாக இருக்கின்றன: கட்சிக்காரர்களின் பெயரும் விலாசமும், வழக்குமூலம் எப்போது எங்கே எழுந்தது, கோர்ட்டுக்கு ஏன் அதிகாரம், மதிப்பு, கேட்கும் பரிகாரம், சார்ந்திருக்கும் ஆவணங்களின் பட்டியல். அடியில் உறுதிமொழியும் அதற்கென ஒரு பிரமாணப் பத்திரமும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் நம்பர் ஆகாமல் ரிட்டர்ன் ஆகும். சரிசெய்து திரும்பக் கொடுக்க வேண்டும். தகுதியில்லாத கோர்ட்டில் போட்டால் பிராதையே திருப்பித் தந்துவிடுவார்கள். நல்லெண்ணத்தோடு அங்கே செலவான காலம் காலக்கெடுவில் கழிக்கப்படும். அசலுக்கு மட்டும் இப்போது போட்டுவிட்டு வட்டிக்குத் தனியாக அப்புறம் போடலாம் என்ற யோசனை வேண்டாம். ஒரே வழக்குமூலத்தில் விட்டுவைத்ததைப் பிறகு கேட்க ஆர்டர் 2 ரூல் 2 விடாது. டிகிரிக்குப் பிந்தைய வட்டி பொதுவாக 6 சதவீதத்துக்கு மேல் போகாது. ஆனால் கடன் வாங்கியவரின் வியாபாரம் சம்பந்தப்பட்ட கடன் என்றால் ஒப்புக்கொண்ட வட்டியையே கேட்கலாம். "பிரதிவாதி தேங்காய் வியாபாரி, இது அவர் வியாபாரத்துக்கான கொள்முதல்" என்ற ஒரு வரி பிராதில் இருந்ததால்தான் எனக்கு 12 சதவீதம் கடைசிவரை கிடைத்தது.

சம்மனில்தான் எல்லை முதன்முறை கடித்தது. வேறு மாநிலத்தில் இருப்பவருக்கு சம்மன் அந்த மாநிலக் கோர்ட் வழியாகப் போகும். அங்கத்திய கோர்ட் ஊழியரான அமீனா போய் சார்வு செய்வார், அதாவது உரியவரிடம் சேர்ப்பிப்பார். அவர் எழுதும் அறிக்கை அவர்கள் மொழியில் இருந்தால் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்போடு திரும்பி வர வேண்டும் என்கிறது 28-ஆம் பிரிவு. மாதக் கணக்கில் எதுவும் வரவில்லை. வந்தபோது, நுணுக்கமான மலையாள எழுத்தில் இரண்டே வரி, மொழிபெயர்ப்பு இணைக்கப்படவில்லை. "அமீனா ரிப்போர்ட் வந்திருச்சுங்க, ஆனா என்ன எழுதியிருக்குன்னு தெரியலைங்க" என்றார் குமாஸ்தா. ஆள் ஊரில் இல்லை, வீடு பூட்டியிருக்கிறது என்பதுதான் அதன் சாரம். இந்த இடத்தில் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். சம்மன் சார்வாகாமல் திரும்பியபின் ஏழு நாளுக்குள் மறு சம்மனுக்கு மனுப் போட்டுப் பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டாவிட்டால், அந்தப் பிரதிவாதியின் மீதான வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. கோர்ட் வழியாக அனுப்பும்போதே தபாலிலும் அனுப்ப அனுமதி கேளுங்கள். ஆள் இல்லாதபோது அவருடன் குடியிருக்கும் வயதுவந்த குடும்பத்தாரிடம் கொடுத்தால் செல்லும். வேலையாளிடம் கொடுத்தால் செல்லாது. தபாலில் "வாங்க மறுத்தார்" என்று எழுதி வந்தால் சார்வானதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். எதுவும் பலிக்காமல் போனால் கதவில் ஒட்டுவது, பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பது. விளம்பரம் அந்த வட்டாரத்தில் ஓடும் நாளிதழில் வர வேண்டும். எங்களுக்கு அது மலையாளப் பத்திரிகை, அந்தச் செலவு மட்டும் சில ஆயிரம். விலாசத்தில் வீட்டு எண், வார்டு, பஞ்சாயத்து, அஞ்சல் குறியீட்டு எண் எல்லாம் கேரள முறைப்படி இருந்தால் இதில் பாதி அலைச்சல் மிச்சம்.

விளம்பரத்துக்குப் பிறகும் வராததால் எக்ஸ்பார்ட்டி ஆனார், அதாவது அவர் இல்லாமலே வழக்கு நடந்தது. எதிரி வரவில்லை என்பதாலேயே டிகிரி கிடைத்துவிடாது. பிரமாணப் பத்திரத்தில் சாட்சியம் கொடுத்து, மூல நோட்டைச் சான்றாவணமாகக் குறியீடு செய்ய வேண்டும். டிகிரி ஆன சில வாரத்தில் அவர் வக்கீல் வைத்து, சம்மனே வரவில்லை, ரத்து செய்யுங்கள் என்று மனுப் போட்டார். அதற்குக் காலம் 30 நாள். முறைப்படி சம்மன் சார்வாகாத இடத்தில், டிகிரி தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். கொஞ்சம் செலவுத்தொகை கட்டச் சொல்லி ரத்து செய்தார்கள். அன்று எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. ஆனால் எதிர்த்தரப்பை ஒருமுறையாவது கேட்காமல் முடிப்பதைக் கோர்ட்டுகள் விரும்புவதில்லை என்பதை எதிர்பார்த்தே திட்டமிடுங்கள். சம்மன் சார்வு எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு எக்ஸ்பார்ட்டி டிகிரி நிற்கும். வாதிக்கும் இதே விதி வேறு மாதிரி வரும்: பிரதிவாதி வந்து நீங்கள் வராமல் வழக்கு தள்ளுபடியானால் அதே வழக்கைப் புதிதாகப் போட முடியாது, 30 நாளுக்குள் மீட்கத்தான் கேட்க முடியும். சிஎன்ஆர் என்னும், வழக்குக்கு உரிய 16 இலக்கக் குறியீட்டைக் கையில் வைத்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தாவை நீங்களே பார்க்கலாம்.

பதிலுரைக்கு 30 நாள், காரணம் காட்டினால் 90 நாள் வரை. சாதாரண வழக்குகளில் அதையும் கோர்ட் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொல்லியிருக்கிறது. வணிக வழக்குகளில் 120 நாளுக்கு மேல் ஒரு நாளும் கிடையாது. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று ஆர்டர் 17 சொல்வதை நம்பிக் காலண்டர் போடாதீர்கள்.

இதற்கிடையில் அவர் தோப்பை விற்கப் பார்க்கிறார் என்று புரோக்கர்கள் வழியாகத் தெரிந்தது. வழக்கு நடக்கும்போது சொத்தை விற்க முடியாது என்று பலரும் நம்புகிறார்கள். அது சொத்தைப் பற்றிய வழக்குக்குத்தான். வெறும் பண வழக்கு எந்த விற்பனையையும் தடுக்காது. தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்க ஆர்டர் 38 ரூல் 5 இருக்கிறது. சொத்து அடுத்த மாவட்டத்தில் இருந்தால் 136-ஆம் பிரிவுப்படி உத்தரவை அங்கத்திய மாவட்டக் கோர்ட்டுக்கு அனுப்பவும் வழி இருக்கிறது. ஆனால் டிகிரியை ஏமாற்றும் எண்ணத்தோடு விற்கப் போகிறார் என்று காட்ட வேண்டும். "கேள்விப்பட்டோம்" என்றதற்கு மனு தள்ளுபடியானது. பிறகு ஒரு துண்டு நிலம் உண்மையிலேயே கைமாறியது. விலை பேசிய புரோக்கரின் பிரமாணப் பத்திரம், கிரய ஒப்பந்த நகல், சமீபத்திய வில்லங்கச் சான்று போல ஏதாவது ஒன்று கையில் இருந்தால்தான் இந்த மனுவுக்கு உயிர் உண்டு.

விசாரணை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. முதல் விசாரணை பிரமாணப் பத்திரத்திலேயே போய்விடுகிறது. குறுக்கு விசாரணைக்குத்தான் கூண்டு. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்பது வழக்கமான தற்காப்பு. கையெழுத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் பணம் கைமாறியது என்று சட்டமே அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. கையெழுத்தே தன்னுடையதல்ல என்றால், அதே காலத்தில் அவர் போட்ட ஒப்புக்கொண்ட கையெழுத்து ஒன்று ஒப்பிடத் தேவைப்படும். லாரி வாடகைச் சீட்டு, எடைச் சீட்டில் அவர் கையெழுத்து இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். "அடுத்த மாசம் தர்றேங்ண்ணா" என்ற வாட்சப் செய்தியைக் காட்ட, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். வெறும் ஸ்க்ரீன்ஷாட் போதாது.

டிகிரி ஆனதும் நகல் மனுவை உடனே போடுங்கள். கையோடு டிகிரி கொடுத்த கோர்ட்டில், அதை அந்தப் பக்கத்துக் கோர்ட்டுக்கு மாற்றி அனுப்பக் கேட்டு மனு. அதோடு போக வேண்டியவை மூன்று: டிகிரியின் நகல், இங்கே எவ்வளவு வசூலானது, அல்லது எதுவும் ஆகவில்லை என்ற சான்றிதழ், நிறைவேற்று உத்தரவு ஏதும் பிறப்பிக்கப்பட்டிருந்தால் அதன் நகல், இல்லையென்றால் இல்லை என்ற சான்றிதழ். வேறு மாநிலமானாலும் கோர்ட்டிலிருந்து கோர்ட்டுக்கு நேரடியாக அனுப்பலாம் என்று ஆர்டர் 21 ரூல் 5 சொல்கிறது. எங்கள் டிகிரி தமிழில் இருந்ததால் ஆங்கில மொழிபெயர்ப்புக்கும் செலவும் காலமும் போனது. போய்ச் சேர்ந்ததா என்று அங்கே நேரில் கேட்டு, சேர்ந்த எண்ணை வாங்கி, அந்தப் பக்கத்து வக்கீல் வழியாகப் புதிதாக இபி என்னும் நிறைவேற்று மனு போட வேண்டும். கட்டு போய்ச் சேர்ந்தாலே தானாக நடக்கும் என்று காத்திருந்தால் காத்திருந்துகொண்டே இருப்பீர்கள். பண டிகிரியை நிறைவேற்ற 12 வருடம் இருக்கிறது. ஆனால் அதுவரை சொத்து அவர் பெயரில் இருக்காது.

நிலத்தை ஜப்தி செய்ய சர்வே எண், பரப்பு, எல்லைகள் தெளிவாக வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டா சிட்டாவைத் தேடிப் பழகியவர்களுக்கு அங்கே திகைப்பு வரும்: வில்லேஜ் ஆபீஸில் தண்டப்பேர் எண் (நில உரிமையாளரின் கணக்கு எண்), நிலவரி கட்டிய ரசீது, சப் ரிஜிஸ்டரார் ஆபீஸில் வில்லங்கச் சான்று. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தபிறகே மனுவில் எழுதுங்கள். ரசீதில் ஒரு உட்பிரிவு எண் மாறியிருந்ததற்கு எங்கள் மனு ஒருமுறை திருத்தத்துக்குப் போனது. ஆளைச் சிறைக்கு அனுப்பலாமே என்று பலரும் யோசனை சொல்வார்கள். வசதி இருந்தும் கொடுக்கவில்லை என்று நிரூபித்தால்தான் அது நடக்கும், அதிகபட்சம் மூன்று மாதம். பெண்களைப் பண டிகிரிக்காகக் கைது செய்யவே முடியாது. விவசாயக் கருவிகள், விவசாயி குடியிருக்கும் வீடு இவற்றை ஜப்தியிலிருந்து 60-ஆம் பிரிவு விலக்கியிருக்கிறது. ஆகவே வீட்டைக் குறிவைத்துக் காலம் கழிக்காமல் நிலம், வங்கிக் கணக்கு, வியாபாரத்தில் அவருக்கு வரவேண்டிய பாக்கி என்று தேடுங்கள்.

மிச்சமிருந்த தோப்பின்மேல் ஜப்தி உத்தரவு வந்து அது அந்த இடத்திலேயே அறிவிக்கப்பட்டபிறகுதான் அவர் பேச வந்தார். ஜப்திக்குப் பின் செய்யும் தனிப்பட்ட விற்பனை அந்த ஜப்தியின் கீழ் வரும் கோரிக்கைகளுக்கு எதிராகச் செல்லாது என்பது வாங்க வந்தவருக்கும் தெரிந்துவிட்டது. தவணைக்கு ஒப்புக்கொண்டோம். ஒவ்வொரு தவணையும் வங்கி வழியாக, இபி எண்ணைக் குறித்து. கோர்ட்டுக்கு வெளியே கொடுக்கும் எந்தப் பணத்தையும் கோர்ட்டில் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். பதிவாகாததை நிறைவேற்றும் கோர்ட் ஏற்காது. கொடுத்தவர் தரப்பில் அதற்கு மனுச் செய்ய 30 நாள்தான். கையில் ரொக்கமாக வாங்கினால் பின்னால் எவ்வளவு வந்தது என்று இன்னொரு சண்டை. டிகிரியில் சேர்ந்த செலவுத்தொகையில் கோர்ட் கட்டணமும் விதிப்படியான வக்கீல் கட்டணமும்தான் திரும்பி வந்தன. இரண்டு வக்கீல்களுக்கும் நான் உண்மையில் கொடுத்ததில் பாதிகூட அதில் இல்லை. கடைசித் தவணை வந்ததும் முழுத் தீர்வு மெமோ தாக்கல் செய்து, ஜப்தியை நீக்கிய உத்தரவின் நகல் வில்லேஜ் ஆபீஸுக்கும் சப் ரிஜிஸ்டரார் ஆபீஸுக்கும் போனது.